தோற்கும் அணிக்காகச் சண்டை போடுவது எப்படி: ஒரு பைரேட்ஸ் ரசிகையின் வழிகாட்டி

பேஸ்பாலில் ஒரு அணி ஒரு சீசனுக்கு 162 ஆட்டம் ஆடும். அதில் 90-க்கு மேல் தோற்கும் அணிக்கு நீங்கள் ரசிகராகிவிட்டால், ஆட்டம் பார்க்கும் நேரத்தைவிட அதைப் பற்றி வாக்குவாதம் செய்யும் நேரமே அதிகம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வந்து குடியேறும் நம் ஊர்க்காரர்கள் கிரிக்கெட்டோடு வளர்ந்தவர்கள். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஊர் பேஸ்பால் அணியான பைரேட்ஸ் பேச்சு வந்துவிட்டால் டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். ஆட்ட விதிகளை இங்கே சொல்லப் போவதில்லை, அவை எங்கும் கிடைக்கும். எந்தப் பேச்சுக்கு எந்தக் கணக்கை எடுத்து வைப்பது என்பதுதான் விஷயம். என் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. வந்த புதிதிலேயே ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸ் பக்கம் சாய்ந்துவிட்ட புத்திசாலி அவர்.

முதலில் அணியின் ஜாதகம். 1909, 1925, 1960, 1971, 1979 என ஐந்து முறை வேர்ல்ட் சீரிஸ், அதாவது பேஸ்பாலின் இறுதித் தொடரை வென்ற அணி இது. 1992-ல் அதற்கு முந்தைய சுற்றில், அட்லாண்டாவில் ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் தோற்றது. அணியின் நட்சத்திரம் பாரி பாண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோ போனார். 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன், வெற்றியைவிடத் தோல்வி அதிகம். 2013, 2014, 2015 மூன்று வருடம் பிளே-ஆஃப் பார்த்தோம். 2019 முதல் 2025 வரை மறுபடி பழைய கதை. 2025-ல் 71 வெற்றி, 91 தோல்வி.

எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா 1979 கோப்பையை வாலிப வயதில் பார்த்தவர். அவரிடம் "இளம் அணி, கொஞ்சம் பொறுமை வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். புல் வெட்டும் மெஷினை அப்படியே நிறுத்திவிட்டு வேலி ஓரம் வந்துவிடுவார். அப்புறம் உங்கள் சனிக்கிழமை அவருடையது.

யாரைத் திட்ட வேண்டும்

பாதிச் சண்டை, ஆள் மாற்றித் திட்டுவதால் வருகிறது. மூன்று நாற்காலிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பணம் என்று முடிவு செய்பவர் உரிமையாளர்: 2007 முதல் பாப் நட்டிங். அந்தப் பணத்தில் யாரை வாங்குவது, யாரை விற்பது, புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் யாரை எடுப்பது என்பதெல்லாம் ஜெனரல் மேனேஜர் கையில்: 2019 நவம்பர் முதல் பென் செரிங்டன். கொடுத்த ஆட்களை வைத்து இன்று யார் ஆடுவது, பந்து வீசும் பிட்சரை எப்போது மாற்றுவது என்பது மேனேஜர் வேலை. டிவியில் முகம் தெரிவது மேனேஜருக்குத்தான் என்பதால் அடி முழுக்க அவர் முதுகில் விழுகிறது.

2025 மே 8-ம் தேதி, 12 வெற்றி, 26 தோல்வி என்ற நிலையில் மேனேஜர் டெரெக் ஷெல்டனை நீக்கினார்கள். பிட்ஸ்பர்க் வட்டாரத்துக்காரரான டான் கெல்லி வந்தார். அவர் தலைமையில் 59-65. "பார்த்தீர்களா, மேனேஜர்தான் கோளாறு" என்று மறுநாளே கிளம்பிவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷெல்டனின் வேகம் முழு சீசனுக்கு 51 வெற்றி. கெல்லியின் வேகம் 77. ஆனால் 2023-லும் 2024-லும் இதே ஷெல்டன் தலைமையில் அணி ஜெயித்தது 76, 76. ஆக, கெல்லி வந்து அணியை உயர்த்தினார் என்பதைவிட, அணி தன் வழக்கமான உயரத்துக்குத் திரும்பியது என்பதே சரி. அந்த உயரத்தை நிர்ணயித்தவர்கள் மேலே உள்ள இரண்டு நாற்காலிக்காரர்கள். மேனேஜரைத் திட்டுவதில் எனக்கும் சந்தோஷம் உண்டுதான். ஆனால் அதை ஒரு ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சீசனுக்கு வேண்டாம்.

பணப் பேச்சு வந்தால்

ஐபிஎல் ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே பணப்பை. இங்கே அப்படி உச்சவரம்பு கிடையாது. ஒரு அளவுக்கு மேல் போனால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். 2025-ல் பைரேட்ஸ் வீரர்களின் சம்பளம் மொத்தமாக 10 கோடி டாலரைத் தொடவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் 30 கோடியைத் தாண்டியது.

இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் "சின்ன ஊர், என்ன செய்வது" என்று பெருமூச்சு விடுவார். அவருக்குப் பதில் மில்வாக்கி. அதே டிவிஷன், அதுவும் சின்ன ஊர். பைரேட்ஸைவிடச் சில கோடி டாலர்தான் கூடுதலாகச் செலவு செய்து 2025-ல் 97 வெற்றி எடுத்தது ப்ரூவர்ஸ். அந்த வருடம் எந்த அணியும் அதைவிட அதிகம் ஜெயிக்கவில்லை. இந்த ஒரு தகவல் இரண்டு பக்கமும் வெட்டும் என்பதை மறக்க வேண்டாம். "பணமில்லை" என்று நட்டிங்குக்கு வக்காலத்து வாங்குபவரை மடக்கும். "நட்டிங் மட்டும் போனால் எல்லாம் சரியாகும்" என்பவரையும் மடக்கும், ஏனென்றால் மில்வாக்கி ஜெயிப்பது உரிமையாளரின் பணத்தால் மட்டுமல்ல. அங்கே ஆள் எடுப்பவர்களும் சொல்லிக்கொடுப்பவர்களும் கெட்டிக்காரர்கள்.

2025-ன் முதல் உள்ளூர் ஆட்டத்தன்று "அணியை விற்றுவிடு" என்று எழுதிய பதாகையைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு மேலே ஒரு விமானம் சுற்றியது. அதே மாதம் வலப்பக்கச் சுவரில், அணியின் மறைந்த நட்சத்திரம் ரொபெர்ட்டோ கிளெமென்டேயின் 21 என்ற எண் இருந்த இடத்தில் விளம்பரம் வந்து, ஊரே கொதித்த பிறகு எண் திரும்பி வந்தது. இந்தக் கோபமெல்லாம் நியாயமானது. ஆனால் அணியை விற்பது உரிமையாளரின் விருப்பம், கத்தி விற்க வைக்க முடியாது. அதனால் விவாதத்தில் "விற்கணும்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள். மூன்று மணி நேரம் அதிலேயே நின்றால் பக்கத்தில் இருப்பவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொள்வார்கள்.

ஒரு காகிதம், ஒரு பேனா

இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் கற்றுக்கொள்வீர்கள் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். அணி அடித்த ரன்னை அதே எண்ணால் பெருக்குங்கள். கொடுத்த ரன்னையும் அப்படியே. முதல் விடையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அணி எத்தனை சதவீதம் ஜெயித்திருக்க வேண்டும் என்று கிடைக்கும். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் கண்டுபிடித்த வழி.

2025-ல் பைரேட்ஸ் அடித்தது 583 ரன், 30 அணிகளில் கடைசி. கொடுத்தது 645. 583-ஐ 583-ஆல் பெருக்கினால் 3,39,889. 645-க்கு 4,16,025. கூட்டினால் 7,55,914. முதல் எண்ணை இதால் வகுத்தால் 0.45. அதை 162-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 73 வெற்றி. நிஜத்தில் 71. ஆக "துரதிர்ஷ்டம், நூலிழையில் போச்சு" என்று யாராவது சொன்னால் இந்தக் காகிதத்தைக் காட்டலாம். அதிர்ஷ்டம் எடுத்துக்கொண்டது இரண்டே ஆட்டம்.

இதையே திருப்பிப் போட்டால் இன்னும் ருசியாக இருக்கும். 2025-ல் சின்சினாட்டி ரெட்ஸ் 83 வெற்றியோடு பிளே-ஆஃபுக்குள் நுழைந்துவிட்டது. பைரேட்ஸுக்கு அந்த 83 கிடைக்க, பந்துவீச்சு அப்படியே இருந்தாலும், சுமார் 660 ரன் வேண்டும். அதாவது 75, 80 ரன் கூடுதலாக. இப்போது "ஒரே ஒரு நல்ல பேட்டரை வாங்கினால் போதும்" என்பவரிடம் கேளுங்கள்: ஒரு ஆள், பழைய ஆளைவிட 80 ரன் கூடுதலாகக் கொண்டுவருவாரா? அப்படி ஒருவர் இருந்தால் அவர் பிட்ஸ்பர்க்குக்கு ஏன் வருகிறார்? மூன்று இடத்தில் மூன்று சுமாரான பேட்டர்கள், ஆளுக்கு 25 ரன் என்று கொண்டுவருவதே நடக்கக்கூடியது. 2025 டிசம்பரில் மூன்று அணிகள் வீரர்களை மாற்றிக்கொண்ட டிரேட் ஒன்றில் டாம்பா பேயிலிருந்து பிராண்டன் லௌவைக் கொண்டுவந்து, ஜனவரியில் ரயன் ஓஹெர்னை ஒப்பந்தம் செய்தபோது நான் குதிக்கவில்லை, ஆனால் தலையாட்டினேன். வழி சரியான வழி.

இளம் பிட்சரை ஏன் இண்டியானாபோலிஸில் வைத்திருக்கிறார்கள்

ரோஸ்டர் பேச்சில் புதியவர்கள் வழுக்கும் இடம் இது. ஆட்டத்துக்குத் தயாராக இருக்கும் பட்டியலில் 26 பேர். அணியின் பிடியில் பாதுகாப்பாக இருப்பவர்கள் 40 பேர். இந்த 40-ல் இருக்கும் இளைஞர்களைப் பொதுவாக மூன்று சீசன் வரை கீழ்மட்டமான மைனர் லீகுக்கும் மேலேயும் மாற்றி மாற்றி அனுப்பலாம். அந்த வாய்ப்பு தீர்ந்துவிட்ட வீரரைக் கீழே அனுப்ப நினைத்தால் மற்ற 29 அணிகளும் அவரைத் தட்டிக்கொண்டு போகலாம். நேற்று மூன்று ரன் கொடுத்த நடுத்தர பிட்சர் அணியில் நீடிக்கிறார், நன்றாகப் போட்ட பையன் மைனர் லீகின் உச்சியான டிரிபிள்-ஏ மட்டத்தில் இருக்கும் இண்டியானாபோலிஸுக்குப் பஸ் ஏறுகிறான் என்றால், திறமையைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் நாள் கணக்கு. பெரிய லீகில் 172 நாள் இருந்தால் ஒரு வருட சர்வீஸ். ஆறு வருடம் முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், எங்கே வேண்டுமானாலும் போகலாம். பப்பா சாண்ட்லரை எடுத்துக்கொள்வோம். 2025 முழுக்க எல்லோரும் "மேலே கூப்பிடு, கூப்பிடு" என்று கத்திக்கொண்டிருந்தோம். ஆகஸ்ட் 22-ம் தேதிதான் அழைத்தார்கள். சீசன் முடிந்தது செப்டம்பர் 28. எண்ணிப் பாருங்கள், 38 நாள். 45 நாளையும் 50 இன்னிங்ஸையும் தாண்டாவிட்டால் அடுத்த வருடமும் அவர் புதுமுகம் என்றே கணக்கு. முன்னணி இளம் வீரர் ஒருவர் சீசன் முழுக்க மேலே இருந்து, புதுமுக விருதை வென்றால், அணிக்கு டிராஃப்டில் கூடுதல் இடம் ஒன்று பரிசாகக் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. நிர்வாகத்தின் மனதுக்குள் நான் புகுந்து பார்க்கவில்லை. நடுவில் சாண்ட்லரின் கன்ட்ரோல் கொஞ்சம் தடுமாறியதும் உண்மைதான். ஆனால் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள், உங்கள் பேச்சுக்குக் கனம் கூடும்.

டிரேடை எடைபோடுவது

விற்ற ஆள் வேறு ஊரில் ஜொலித்தால் உடனே "அநியாயம்" என்பது சுலபம். நான் கேட்கும் கேள்வி ஒன்றே: அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் சரியா?

2018 ஜூலை 31. அந்த மாதம் அணி தொடர்ந்து 11 ஆட்டம் ஜெயித்திருந்தது. டாம்பா பேயிலிருந்து கிறிஸ் ஆர்ச்சரை வாங்கினார்கள். ஊரே விசிலடித்தது. கொடுத்தது டைலர் கிளாஸ்னவ், ஆஸ்டின் மெடோஸ், அப்புறம் பெயர் பின்னால் அறிவிக்கப்பட்ட ஷேன் பாஸ். ஆர்ச்சர் 2019-ல் ஒன்பது இன்னிங்ஸுக்கு 5.19 ரன் என்ற கணக்கில் அடி வாங்கினார். கிளாஸ்னவ் அங்கே போய் நட்சத்திரமானார். இன்றுவரை பிட்ஸ்பர்க்கில் ஆர்ச்சர் என்ற பெயரைச் சொன்னால் முகம் சுருங்கும்.

ஆனால் கிளாஸ்னவ் 2017-ல் நமக்காகப் போட்டபோது அந்தக் கணக்கு 7.69. அவரைக் கொடுத்தபோது அழுதவர்கள் இங்கே அதிகமில்லை. அதனால் "கிளாஸ்னவைக் கொடுத்தது பைத்தியக்காரத்தனம்" என்பது பின்னோக்கிப் பார்க்கும் ஞானம். வலுவான குற்றச்சாட்டு வேறு. நம் கையில் இருக்கும்வரை தேறாத பையன், இடம் மாறிய உடனே தேறினான் என்றால் நம்மிடம் சொல்லிக்கொடுப்பவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இந்தக் கேள்வியை வையுங்கள், மேஜையே அமைதியாகிவிடும். மூன்றாவதாகப் பாஸையும் சேர்த்துக் கொடுத்தது அன்றைக்கே அதிகப்படி என்பதும் என் கருத்து.

அதே வருடம் ஜனவரியில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு பேரை விற்றார்கள். கெரிட் கோல் ஹூஸ்டனுக்கு, ஆண்ட்ரூ மெக்கட்சன் சான் பிரான்சிஸ்கோவுக்கு. அதிகம் அழுதது மெக்கட்சனுக்காக. கடைசியில் அந்த டிரேடில்தான் பிரையன் ரெனால்ட்ஸ் கிடைத்தார். 2023-ல் அவருக்கு 8 வருடத்துக்கு 10.675 கோடி டாலர் கொடுத்தார்கள், அணியின் வரலாற்றிலேயே அதுவரை இல்லாத பெரிய ஒப்பந்தம். கோலுக்கு நான்கு பேர் வந்தார்கள், ஒருவரும் அணியைத் தூக்கி நிறுத்தவில்லை. கண்ணீர் எங்கே அதிகமோ அங்கேதான் நஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கிப்ரையன் ஹேய்ஸ் விஷயம் கொஞ்சம் குழப்பம். மூன்றாம் பேஸில் அவர் கையைப் போல இன்னொரு கை இல்லை, 2023-ல் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் கிளவ் வாங்கியவர். மட்டை பேசவில்லை. 2022-ல் 8 வருடத்துக்குப் போட்ட 7 கோடி டாலர் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 2025 ஜூலையில் ரெட்ஸுக்கு அனுப்பினார்கள். மிச்சமான சம்பளத்தை வேறு பேட்டருக்குச் செலவழித்தால் நல்ல முடிவு, பெட்டியில் போட்டுப் பூட்டினால் மோசமான முடிவு. தீர்ப்பை அப்படி நிறுத்தி வைப்பதும் விவாதத்தில் ஒரு கலை.

சின்னப் பையன்களைப் பற்றிப் பேசும்போது

மைனர் லீக் எண்களை அப்படியே விழுங்கக் கூடாது. டபுள்-ஏ மட்டத்துக்கு ஒரு படி கீழே உள்ள, பைரேட்ஸின் ஹை-ஏ அணி இருக்கும் கிரீன்ஸ்போரோ மைதானம் பேட்டர்களுக்குச் சொர்க்கம், அங்கே அடித்த ஹோம் ரன்னில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். பிட்சர் அங்கே தாக்குப்பிடித்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்து வயதைப் பாருங்கள். 24 வயதில், டிரிபிள்-ஏவுக்கு அடுத்த கீழ்ப்படியான டபுள்-ஏ மட்டத்தில் நன்றாக அடிப்பது வேறு, 19 வயதில் அடிப்பது வேறு. 2024 டிராஃப்டில் ஒன்பதாவதாக எடுக்கப்பட்ட கானர் கிரிஃபின் அடுத்த வருடமே, 19 வயதில், மூன்று மட்டங்களில் ஆடி 21 ஹோம் ரன் அடித்து 65 பேஸ் திருடினார். இந்த மாதிரி எண்ணுக்கு மட்டும் நான் எழுந்து உட்காருவேன்.

முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். டபுள்-ஏ அணி ஆல்டூனாவில், பிட்ஸ்பர்க்கிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வலப்பக்க வேலிக்குப் பின்னால் ஒரு பழைய மர ரோலர் கோஸ்டர் நிற்கும், குழந்தைகளுக்கு அது போதும். நீங்கள் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் வரிசைகளில் உட்காருங்கள். ஸ்கோரைப் பார்க்காதீர்கள். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு அந்தப் பேட்டர் என்ன செய்கிறான் என்று பாருங்கள். வெளியே கீழே நழுவும் பந்தைத் துரத்திச் சுழற்றுகிறானா, மட்டையைப் பாதியில் நிறுத்துகிறானா? கால் மண்ணை விட்டு எழும்பும்போது தலை அசைகிறதா? நான்கு முறை மட்டை பிடித்து ஒன்றும் அடிக்காதவன்கூட நான்கு முறையும் சரியான பந்தை விட்டிருந்தால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஆபீஸில் "நான் பார்த்தேன்" என்று தொடங்கும் வாக்கியத்துக்கு இருக்கும் மதிப்பு எந்தப் புள்ளிவிவரத்துக்கும் கிடையாது.

டிராஃப்டில் முதல் இடம் என்றாலே நட்சத்திரம் என்றும் இல்லை. 2002-ல் முதலாவதாக எடுத்த பிரையன் புல்லிங்டன் பெரிய லீகில் மொத்தமாக ஜெயித்தது ஒரே ஆட்டம். 2011-ல் கெரிட் கோல். 2021-ல் கேட்சர் ஹென்ரி டேவிஸ், மட்டை இன்னும் எழவில்லை. 2023-ல் பால் ஸ்கீன்ஸ்.

ஸ்கீன்ஸை விற்கலாமா

எல்லா விவாதமும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். 2024-ல் சிறந்த புதுமுகம். 2025-ல் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.97 ரன் மட்டும் கொடுத்து, ஒரு ஓட்டுகூட மாறாமல், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. அப்படிப் போட்டவரின் கணக்கு 10 வெற்றி, 10 தோல்வி. அணியின் பேட்டிங்கைப் பற்றி இதைவிட யாரும் தெளிவாக எழுத முடியாது. அந்த வருடம் அவர் சம்பளம் 9 லட்சம் டாலருக்கும் குறைவு.

"இப்போதே விற்று நான்கு பேட்டர்களை வாங்கு" என்று ஒரு கூட்டம். "விற்றால் நான் சீசன் டிக்கெட்டைக் கிழித்துவிடுவேன்" என்று இன்னொரு கூட்டம். இரண்டு பக்கத்துக்கும் தேதியைச் சொல்லுங்கள். புதுமுக விருது வாங்கியதால் 2024 அவருக்கு முழு வருடமாகக் கணக்கிடப்பட்டது, அதனால் 2029 முடியும்வரை அவர் பைரேட்ஸ் வசம். கெரிட் கோலை விற்றது, ஃப்ரீ ஏஜென்ட் ஆக இரண்டு சீசன் மிச்சமிருந்தபோது. அதே கட்டம் ஸ்கீன்ஸுக்கு 2027-28 குளிர்காலத்தில் வரும். அதற்கு முன்பே விற்கச் சொல்பவர், ஆறு வருடத்தில் மலிவான வருடங்களைத் தானே தூக்கிப் போடச் சொல்கிறார். அதற்குள் 80 ரன் கூடுதலாகச் சேர்க்க முடியாத ஜெனரல் மேனேஜரை, ஸ்கீன்ஸுக்கு ஈடாக நான்கு சரியான பையன்களைத் தேர்ந்தெடுப்பார் என்று எப்படி நம்புவது என்பதுதான் என் வாதம். தாத்தா இதை ஒப்புக்கொள்ளவில்லை. நம்மவர்கள் பேசிப் பார்க்க விரும்பினால், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் புல் வெட்டிக்கொண்டிருப்பார், வரும்போது 1979 பற்றி ஏதாவது படித்துவிட்டு வாருங்கள்.